ராமநாதபுரம் கடற்கரைக்கு வர்றீங்களா? காத்து எந்தப் பக்கம்னு மொதல்ல பாருங்க

டிசம்பர் கடைசி லீவுல ஸ்கூல் படிக்கிற ரெண்டு பசங்களோட மூணு நாள் இந்தப் பக்கம் வர்றோம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு எங்க டிக்கெட் எடுக்கணும், கடல்பசுவ பாக்க முடியுமா, ராமேஸ்வரம் கோயில் தவிர வரலாறுன்னு வேற என்ன இருக்குன்னு கேட்டிருந்தீங்க. நான் இந்த மாவட்டத்துக்காரன், கடலோரத்துலயே பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

வண்டலூர் மாதிரி கேட்டு, டிக்கெட் கவுண்டர், உள்ள போனா வரிசையா பாக்குறதுன்னு நெனச்சுட்டு வந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க. பாம்பன்ல ஆரம்பிச்சு தூத்துக்குடி வரைக்கும் கரைக்குக் கொஞ்சம் தள்ளி கடலுக்குள்ள வரிசையா கெடக்குற 21 தீவும் அதச் சுத்தி இருக்குற கடலும்தான் அந்தப் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர், 1986-ல அறிவிச்சது. அதுக்கு வெளிய இன்னும் பெரிய வட்டமா 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம்னு 1989-ல அறிவிச்சாங்க. தீவுல நம்ம இஷ்டத்துக்கு எறங்க முடியாது, வனத்துறை படகு விடுற எடத்துல மட்டும்தான் அனுமதி. யாராவது கரையில வந்து, சார் நான் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு இவ்வளவுன்னு சொன்னா போகாதீங்க, மாட்டுனா அவருக்கும் கேஸ் உங்களுக்கும் கேஸ். பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஹோட்டல் ரேட்டு பாக்குறதுக்கு முன்னாடி காத்த பாக்கணும். எங்க ஊர்ல ஒரு கடல் இல்ல, ரெண்டு கடல். ராமேஸ்வரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே இருக்குறது பாக் விரிகுடா, நாங்க வடகடல்னு சொல்லுவோம், தெக்க இருக்குறது மன்னார் வளைகுடா, அது தென்கடல். தனுஷ்கோடி பக்கம் வடக்க இருக்குறத பெண் கடல், தெக்க இருக்குறத ஆண் கடல்னும் சொல்லுவாங்க. வருஷத்துல பாதி நாள் ஒண்ணு பொங்கும், இன்னொண்ணு அடங்கிக் கெடக்கும். ஐப்பசியில இருந்து தை மாசம் வரைக்கும் வடகெழக்குல இருந்து வாடைக்காத்து அடிக்கும், அப்ப வடகடல் கலங்கி அலையா இருக்கும், தென்கடல் கரை மறைவுல அடங்கி இருக்கும். வைகாசிக்கு மேல தென்மேக்குல இருந்து கச்சான் காத்து எறங்கிருச்சுன்னா எல்லாம் தலைகீழ், தென்கடல் கத்தும், வடகடல் தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி கெடக்கும். பாம்பன் பாலத்துக்கு மேல போகும்போது ரெண்டு பக்கமும் பாருங்க, ஒரு பக்கம் தண்ணி நெறமே வேற, இன்னொரு பக்கம் வேற, நடுவுல பாலத்தூண்களுக்கு ஊடால நீரோட்டம் இழுக்குறது கண்ணுக்கே தெரியும்.

இது தெரியாம வர்றவங்கதான், நாங்க போனப்ப தண்ணி சேறா இருந்துச்சு ஒண்ணுமே தெரியலன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஜூலையில வந்து தென்கடல்ல பவளப்பாறை பாக்கணும்னா எப்படித் தெரியும், அதே ஜூலையில பிரப்பன்வலசைக்கோ அரியமானுக்கோ போயிருந்தா பசங்க நாள் பூரா தண்ணியிலயே கெடந்திருப்பாங்க. நீங்க வர்றது டிசம்பர் கடைசி, வாடைக்காலம், அதனால கடலுக்குள்ள போற வேலைய தென்கடல் பக்கம் வச்சுக்கங்க, வடகடல் பக்கம் கரையோரமா பாக்குறத வச்சுக்கங்க. இன்னொண்ணு, அது மழைக்காலத்தோட வால், வங்கக்கடல்ல தாழ்வு நிலை உருவாயிருச்சுன்னா படகு எல்லாத்தையும் நிறுத்திருவாங்க, அதுக்கு யாரையும் கோவிச்சுக்க முடியாது. தேதிய மாத்த முடியும்னா மாசி, பங்குனிக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன், அப்பதான் ரெண்டு கடலும் ஓரளவு அடங்கி தண்ணி தெளிஞ்சு இருக்கும். லீவு அப்பதான் கெடைக்கும்னா சரி, டிசம்பருக்குன்னே சில நல்லது இருக்கு, கீழ சொல்றேன்.

மொத நாள் குந்துகால். பாம்பன் ஊருக்குத் தெக்க இருக்கு, அங்க இருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு. காலையில சீக்கிரம் போயிருங்க, வெயில் ஏறுனா காத்தும் ஏறும், ஆடிக்கிட்டே போக வேண்டியிருக்கும், கூட்டமும் சேந்துரும். கட்டணம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால கெளம்புறதுக்கு முந்தின நாள் ராமநாதபுரம் வனஉயிரின அலுவலகத்துல போன்ல கேட்டுக்கங்க, அன்னைக்குப் படகு இருக்கா இல்லையான்னும் அவங்களே சொல்லுவாங்க. குருசடை சின்னத் தீவுதான், ஆனா விலங்கியல் படிச்ச யார்கிட்ட கேட்டாலும் பேரு தெரியும். பலனோகிளாசஸ்னு ஒரு புழு, மணலுக்குள்ள பொதைஞ்சு கெடக்கும், முதுகெலும்பு உள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல வர்ற உறவுன்னு பாடப்புத்தகத்துல வர்றது, அது அங்க கெடைக்கிறதால அந்தக் காலத்துல இருந்து காலேஜ் பசங்க வந்துட்டே இருக்காங்க. படகு போகும்போது தண்ணி தெளிவா இருந்தா கீழ கடல்புல் படுக்கை பச்சையா அசையுறதும், அங்கங்க பார், அதான் பவளப்பாறை, கருப்புத் திட்டா தெரியுறதும் மேல இருந்தே பாக்கலாம். சுத்தி பூமரிச்சான், புள்ளிவாசல்னு மத்த தீவுகள தூரத்துல காட்டுவாங்க. படகுக்குக் காத்திருக்கும்போது குந்துகால்லயே விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கு, சிகாகோ போயிட்டு கொழும்பு வழியா திரும்புனவர் 1897 ஜனவரி 26-ல பாம்பன்லதான் எறங்குனார், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி நேர்ல வந்து வரவேத்தார். அதையும் பாத்துருங்க.

அந்தக் கடல்ல சில நாள் பொம்பளைங்க கூட்டமா தண்ணிக்குள்ள முங்கி முங்கி எந்திரிக்கிறது தெரியும். முகத்துல கண்ணாடி, விரல்ல துணிச் சுத்து, இடுப்புல ஒரு வலைப்பை. அவங்க பாசி எடுக்குறவங்க, சின்னப்பாலம் மாதிரி ஊருங்கள்ல இருந்து வர்றவங்க. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசின்னு எது எப்ப வளரும், எத விட்டுட்டு எத எடுக்கணும்னு தலைமுறையா தெரிஞ்சு வச்சிருக்காங்க, பாசி மறுபடி வளரட்டும்னு அவங்களாவே இத்தன நாள் கடலுக்குப் போறதில்லன்னு கட்டுப்பாடும் போட்டு வச்சிருக்காங்க. சின்னப்பாலத்து அம்மா ஒருத்தருக்கு 2015-ல சீகாலஜி பரிசுன்னு உலக அளவுல ஒரு பரிசு கெடைச்சுது. தேசியப் பூங்கான்னு அறிவிச்ச நாள்ல இருந்து இவங்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி இருந்துகிட்டேதான் இருக்கு, எனக்கு ரெண்டு பக்க ஞாயமும் தெரியும், ஆனா அந்தக் கடலப் பத்தி அவங்கள விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்றதுல எனக்கு சந்தேகமே கிடையாது. முடிஞ்சா கரைக்கு வரும்போது மரியாதையா, அக்கா இது என்ன பாசின்னு கேளுங்க, பசங்களுக்கு அதவிட நல்ல பாடம் எந்த மியூசியத்துலயும் கெடைக்காது. கேக்காம போட்டோ மட்டும் எடுக்காதீங்க, ஈரத் துணியோட வர்றவங்க.

ரெண்டாவது நாள் தனுஷ்கோடி. எல்லாரும் போற எடம்தான், ஆனா முக்காவாசிப் பேரு நேரா அரிச்சல்முனைக்குப் போயி செல்ஃபி எடுத்துட்டு வர்ற வழியில சங்குமாலை வாங்கிட்டுப் போயிருவாங்க. நீங்க பழைய சர்ச்ல எறங்கி அந்தச் செவுத்துக்கிட்ட நின்னு பாருங்க. கூரை இல்ல, பாதி செவுருதான் நிக்குது. அந்தச் செவுத்துக் கல்லு சாதாரணக் கல்லு இல்ல, பவளக்கல்லு. கிட்டப் போயி பாத்தா சின்னச் சின்னப் பூ பூவா வரிசையா குழி தெரியும், ஒவ்வொரு குழியும் ஒரு காலத்துல ஒரு உயிர் குடியிருந்த வீடு. சில கல்லுல மூளை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு ஓடும், அது மூளைப் பவளம். தண்ணிக்குள்ள முங்கி பாக்க முடியாத வயசானவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் பவளம் எப்படி இருக்கும்னு காட்ட இதவிட நல்ல எடம் இல்ல.

இந்தச் செவுருல இன்னொரு கதையும் இருக்கு. அந்தக் காலத்துல இந்தக் கடற்கரை பூரா வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளத்தத்தான் வெட்டுனாங்க, அப்புறம் ஃபேக்டரிக்கும் லாரி லாரியா போச்சு. பார்தான் தீவுக்கு அரண், அத ஒடைச்சா அலை நேரா தீவு மேல வந்து மணல அரிச்சுட்டுப் போயிரும். கீழக்கரைக்கு எதிர்ல பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, ரெண்டு தீவும் இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு. 21 தீவுன்னு பேரு, தண்ணிக்கு மேல எண்ணுனா 19-தான். வெட்டுறது நின்னு வருஷம் ஆச்சு, இப்ப சூடுதான் பிரச்சனை. கோடையில கடல்தண்ணி அளவுக்கு மீறி சூடாச்சுன்னா பவளத்துக்குள்ள குடியிருந்து அதுக்குச் சோறு போடுற நுண்பாசி வெளியேறிரும், பவளம் வெள்ளையா வெளுத்துரும், சூடு சீக்கிரம் எறங்குனா தேறும், எறங்கலன்னா செத்துரும். 2010-லயும் 2016-லயும் பெரிய அடி. அதனால எங்கயாவது முங்கிப் பாக்குறீங்கன்னா கால ஊன்றாதீங்க, நிக்கணும்னா மணல் தெரியுற எடமாப் பாத்து நில்லுங்க, ஒரு கை அகலம் வளர அதுக்குப் பல வருஷம் ஆகும். கடைகள்ல வெள்ளையா பவளத்துண்டு வித்தா வாங்கவே வாங்காதீங்க, அது குத்தம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடியே அலைக்குள்ள போச்சு, உள்ள இருந்த நூத்துக்கும் மேல உள்ளவங்க யாரும் பொழைக்கல. ஊரே போச்சு. அதுக்கு முன்னாடி அது சின்ன ஊர் இல்ல, 1914-ல பாம்பன் ரயில் பாலம் தெறந்ததுல இருந்து சென்னை எழும்பூர்ல போட் மெயில் ஏறுனா தனுஷ்கோடியில எறங்கி கப்பல் புடிச்சு தலைமன்னார், அங்க ரயில் ஏறி கொழும்பு, ஒரே டிக்கெட்டுல போயிருக்காங்க. நீங்க வர்றது அந்தப் புயல் அடிச்ச அதே நாளையொட்டி, பசங்ககிட்ட ஸ்டேஷன் செவுத்தக் காட்டிச் சொல்லுங்க. இப்பவும் அங்க குடிசை போட்டு மீன்புடிக் குடும்பங்க இருக்காங்க, கரண்டு வசதிகூட ஒழுங்கா இல்லாம பல வருஷம் இருந்தவங்க. ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவுல ஒரு துண்டு மணல், அதுல கையால ரெண்டடி தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், கொட்டாங்கச்சியால மொண்டு கொடத்துல ஊத்துவாங்க. மழைத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி கனமான உப்புத்தண்ணி மேல மெதந்துகிட்டு நிக்கிறதால வர்ற தண்ணி அது, ஆழமாத் தோண்டுனா உப்பாயிரும். அங்க சாப்பிடுறதா இருந்தா அந்தக் குடிசைக் கடைகள்லயே சாப்பிடுங்க, அன்னைக்குப் பட்ட மீன பொரிச்சுக் குடுப்பாங்க.

பூநாரையப் பத்தி. கோதண்டராமர் கோயில் பக்கம் திரும்புற ரோட்டுல ரெண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணி கெடக்கும்ல, அதுலயும் தனுஷ்கோடி போற வழியில வடக்குப் பக்கத்து நீர்ப்பரப்புலயும்தான் வந்து நிக்கும். 2025 ஜூன்ல அந்தப் பகுதிய, சுமார் 525 ஹெக்டேர், பெரும் பூநாரைச் சரணாலயம்னு அறிவிச்சிருக்காங்க. டிசம்பர் கடைசியில கொஞ்சம் வந்திருக்கலாம், தை மாசிதான் நெறைய, வராமலும் போகலாம், பறவைக்கு நம்ம லீவு தெரியாது. பைனாகுலர் ஒண்ணு இரவல் வாங்கிட்டாவது வாங்க, கிட்டப் போயி பாக்கணும்னு தண்ணிக்குள்ள எறங்கி நடந்தா ஒட்டுமொத்தமா எந்திரிச்சு பறந்துரும், போட்டோ நல்லாத்தான் வரும், ஆனா அவ்வளவு தூரம் பறந்து வந்து அப்பத்தான் எரை தின்ன எறங்குனத வெரட்டுறது பாவம். ஆலா, கடற்காகம், உள்ளான் வகை எல்லாம் கட்டாயம் தெரியும், செம்பருந்து எங்கயும் இருக்கும். தை, மாசி ராத்திரிகள்ல பங்குனி ஆமை முட்டை போட இந்த மணலுக்கு வரும், வனத்துறை முட்டைய எடுத்துட்டு வந்து பொரிப்பகத்துல வச்சு குஞ்ச கடல்ல விடுறாங்க. அரிச்சல்முனையில குளிக்கவே கூடாது, ரெண்டு கடலும் சேர்ற எடம், நீரோட்டம் எப்ப எந்தப் பக்கம் இழுக்கும்னு மீனவங்களே யோசிப்பாங்க. பொழுது சாயுறதுக்கு முன்னாடி செக்போஸ்ட் தாண்டி வெளிய வந்துரணும், அந்தக் கணக்குல கெளம்புங்க.

மூணாவது நாள் காரங்காடு, என்னைக் கேட்டா மூணுல இதுதான் பசங்களுக்குப் புடிக்கும். ராமநாதபுரத்துல இருந்து தேவிபட்டினம், உப்பூர் தாண்டி தொண்டி போற கெழக்குக் கடற்கரைச் சாலையில போகணும். இது வடகடல் பக்கம்தான், ஆனா படகு போறது அலையாத்திக் காட்டுக்குள்ள இருக்குற வாய்க்கால்ல, அதனால வாடைக்காத்துலயும் பெருசா ஆட்டம் இருக்காது. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து நடத்துறாங்க, படகு ஓட்டுறது ஊர்ப் பசங்க, சமையல் பண்றது ஊர்ப் பொம்பளைங்க, முன்னாடியே சொல்லி வச்சா நண்டு, எறா, கணவாய்னு அங்கயே சாப்பாடு. கயாக்கும் இருக்கு, லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லாம போட்டுக்கங்க.

படகு காட்டுக்குள்ள மெதுவா போகும்போது ஓட்டுற தம்பிகிட்ட சொல்லி மரத்துக்குக் கிட்ட நிறுத்தச் சொல்லுங்க. அலையாத்தி எலைய திருப்பிப் பாருங்க, வெயில் நல்லா ஏறுனதுக்கு அப்புறம்னா பொடி உப்பு படிஞ்சிருக்கும், நாக்குல வச்சா கரிக்கும். வேருல உறிஞ்ச உப்ப மரம் எலை வழியா வெளியேத்துது. கீழ சேத்துல பென்சில் பென்சிலா குத்திட்டு நிக்கிறது வேரு, சேத்துக்குள்ள காத்து கெடையாதுன்றதால மூச்சு விட மேல வந்திருக்கு. அதுக்கு ஊடால ஒத்தக் கொடுக்கு மட்டும் பெருசா இருக்குற சின்ன நண்டு கையாட்டிக்கிட்டு நிக்கும், ஆம்பள நண்டுக்குத்தான் அப்படி. சத்தம் போடாம அஞ்சு நிமிஷம் இருந்தா எல்லாம் வளைய விட்டு வெளிய வரும், யாராவது எந்திரிச்சு நின்னா ஒரே நேரத்துல உள்ள போயிரும். எறா, நண்டு, கொடுவாக் குஞ்சு எல்லாம் வளர்றது இந்த வேருக்குள்ளதான், அதனாலதான் ஊர்க்காரங்களே இந்தக் காட்ட வெட்ட விடமாட்டாங்க.

கடல்பசு கேட்டீங்கல்ல. ஆவுளியான்னு நாங்க சொல்றது. நேர்மையா சொல்றேன், பாக்க முடியாதுன்னே வச்சுக்கங்க. இந்தியாவுல மொத்தமே சில நூறுதான் இருக்கும், அதுல பெரும்பகுதி இந்தப் பாக் விரிகுடாவுல, மூச்சு விட ஒரு நொடி மூக்க நீட்டிட்டு முங்கிரும். காரங்காட்டுக்கும் வடக்க, தஞ்சாவூர் புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டர கடல்பசுக் காப்பகம்னு 2022-ல அறிவிச்சாங்க, நாட்டுலயே மொத காப்பகம். அது தின்னுறது பெரும்பாலும் கடல்புல்தான், புல்லு போச்சுன்னா அதுவும் போச்சு. ஒரு காலத்துல கறிக்காகப் புடிச்சாங்க, மறைக்க வேண்டியதில்ல, இப்ப வலையில மாட்டுனா வலைய அறுத்து விட்டுட்டு வர்ற மீனவங்க நெறையப் பேரு இருக்காங்க, வலை போனா ஆயிரக்கணக்குல நஷ்டம், அரசாங்கமும் ஊக்கத்தொகை குடுக்குது. பசங்களுக்குக் காட்டணும்னா குருசடைப் படகுல இருந்து அந்தக் கடல்புல்லக் காட்டி, இதத்தான் தின்னும்னு சொல்லுங்க.

டிசம்பருக்குன்னு நல்லது இருக்குன்னு சொன்னேன்ல, அது கண்மாய். மழை நல்லா பேஞ்ச வருஷம்னா முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்ல நாட்டுக்கருவேல மரத்து மேல கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். இது ரெண்டும் 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, தேர்த்தங்காலும், ராமநாதபுரம் ஊரை ஒட்டுன சக்கரக்கோட்டையும் 2025-ல வந்துச்சு. சக்கரக்கோட்டை டவுன்லயே இருக்கு, காலையில ஆறரைக்கு கரையில நின்னா போதும். மழை பொய்ச்ச வருஷம் கண்மாய் காஞ்சு கெடக்கும், போகாதீங்க.

வரலாறுல மிச்சத்த சுருக்கமா சொல்லிடுறேன். ராமநாதபுரம் அரண்மனையில ராமலிங்க விலாசம், சேதுபதிகள் காலத்துச் செவுத்து ஓவியம் உள்ள மண்டபம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளம், அங்க தோண்டுனப்ப ரோமாபுரிப் பானை ஓடும் காசும் கெடைச்சுது, எடத்துல இப்ப பாக்க பெருசா ஒண்ணும் இல்ல. தேவிபட்டினம் நவபாஷாணம், கடலுக்குள்ள நவக்கிரகமா நிக்கிற ஒன்பது கல்லு, காரங்காடு போற வழிதான். கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண்கள பாக்க ஆச இருந்தா தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுட்டு உள்ள போங்க. மண்டபம் கேம்ப்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1971 வரைக்கும் அதோட தலைமையிடமே இங்கதான், அங்க மீன் காட்சியகம் உண்டு, மழை வந்து படகு நின்னா பசங்கள அங்க கூட்டிட்டுப் போங்க.

பழைய ஷூவோ பின்பக்கம் வார் வச்ச செருப்போ கொண்டு வாங்க, சிப்பி ஓடு காலக் கிழிச்சிரும். ட்ரோன் வேணாம், எல்லைக் கடல், உச்சிப்புளியில கடற்படை விமானதளம் வேற இருக்கு, புடுங்கிருவாங்க. ரூம் ராமேஸ்வரத்துல எடுக்காம ராமநாதபுரம் டவுன்ல எடுத்தா காரங்காடு, கண்மாய், பாம்பன் எல்லாத்துக்கும் நடுவுல இருக்கும், லீவு நாள்ல ராமேஸ்வரம் ரேட்டும் கூட்டமும் தாங்காது. மொத நாள் வானிலை மோசம்னா குந்துகால மூணாவது நாளுக்குத் தள்ளிட்டு காரங்காட்ட முன்னாடி வச்சுக்கங்க, காலையில எந்திரிச்சதும் காத்து எப்படி இருக்குன்னு டீக்கடையில கேட்டாலே சொல்லிருவாங்க. மார்கழி தையில பனங்கெழங்கு வந்துரும், ரோட்டோரத்துல அவிச்சுக் கட்டு கட்டா விப்பாங்க, வாங்கி வண்டியில வச்சுக்கங்க, பசங்களுக்கு நொறுக்குத்தீனி வாங்குற செலவு மிச்சம்.